செவலைக்குச் சூடு ஏறினால்

செவலை என்பது மாடு அல்ல, மோட்டார் சைக்கிள். ஊசிமலைத் தோட்டத்தில் சின்னத்துரையாக இருந்த வெள்ளைக்காரன் நுவரெலியாவில் பந்தயம் ஓட்டுவதற்கென்று சீமையிலிருந்து இறக்கிய வண்டி. சிவப்புச் சாயம், இரண்டு புகைக்குழாய், மேடேறும்போது கொழுந்தெடுக்கிற பெண்கள் எல்லாரும் நிமிர்ந்து பார்க்கிற சத்தம். துரை ஊர் திரும்பும்போது அதை வாங்க ஒருவரும் வரவில்லை. அதன் குணம் மலை முழுக்கத் தெரிந்திருந்தது. எண்ணெய் ஒழுகும், துடைத்துக்கொள்ளலாம். சூடு ஏறினால் நின்றுவிடும், அதற்குத்தான் மருந்தில்லை. பொறி கொடுக்கிற மக்னீட்டோ கொதித்துவிட்டால் அது ஆறுகிறவரை எத்தனை உதைத்தாலும் வண்டி அசையாது. தோட்டத்து லொறி ஓட்டும் அழகனிடம் அதைத் தள்ளிவிட்டுத் துரை கப்பலேறினான்.

ஆயுத பூசையன்று அழகனின் மனைவி சண்முகவடிவு தேயிலைச் செடி வெட்டுகிற கவ்வாத்துக் கத்திக்கும் கொழுந்துக் கூடைக்கும் பொட்டு வைத்துவிட்டுக் கடைசியாகச் செவலையிடம் வந்தாள். விளக்கு, கைபிடி, பெட்ரோல் டாங்கியின் மூடி என்று விட்ட இடமில்லை. சந்தனத்தை அள்ளி அப்பி, நடுவில் குங்குமத்தை அழுத்தினாள்.

"அதுக்கு எதுக்கு புள்ள இம்புட்டு?"

"அடங்காத சென்மத்துக்குக் கொஞ்சம் கூடத்தான் வைக்கணும்."

மறுநாள் அவளுடைய அப்பா முத்துலிங்கம் இந்தியாவுக்குப் புறப்படுகிறார். உழைத்த மண்ணில் ஓட்டுமில்லை, உரிமையுமில்லை, இனி எதற்கு என்று இந்தியப் பிரஜையாக எழுதிப் போட்டிருந்தார். வடிவுக்குக் கல்யாணம் ஆவதற்கு முந்தி எழுதிப் போட்டது. அதனால் வந்த பாஸ்போர்ட்டில் அவள் பெயரும் இருந்தது.

"கொட்டகலையில ஏறி நானும் அட்டன் வரைக்கும் அப்பாகூடப் போறேன்" என்றாள்.

"போ. கொழுந்து லொறிய ஸ்டோர்ல வுட்டுட்டு நான் செவலையில வந்து அட்டன் ஸ்டேசன்ல நிப்பேன். திரும்பி வரயில ராசா ராணியாட்டம் வருவோம்."

"வழியில நின்னுச்சின்னா?"

"நிக்காது. மக்னீட்டோவுக்குப் புதுக்கம்பி சுத்தியிருக்கேன்."

அவள் சந்தன விரலை முந்தானையில் துடைத்துக்கொண்டாள். "அட்டன்ல நீங்க நின்னீங்கன்னா எறங்குறேன். இல்லாட்டி அப்பாகூடவே போயிருவேன்."

அழகன் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை என்பதை அப்போது அவன் கவனிக்கவில்லை.

காலையில் தேயிலை ஸ்டோரில் லொறியை விட்டுவிட்டு லயத்து வீட்டுக்கு வந்தபோதுதான் கவனித்தான். கொடியில் அவள் சேலை ஒன்றுகூட இல்லை. தகரப்பெட்டி இருந்த இடத்தில் நான்கு மூலைத் தடம் மட்டும் இருந்தது.

"பொட்டியத் தலையில வச்சிக்கிட்டுல்ல போச்சு?" என்றாள் லயத்தில் அடுத்த காம்பராவில் இருக்கும் ராக்காயி. "ஒனக்குத் தெரியாதாப்பா? நல்ல புருசன்தான் போ."

முதல் உதையிலேயே செவலை எழும்பியது. குளிர்ந்திருக்கும்போது அதைப்போல் ஒரு வண்டி கிடையாது. தேயிலை இருபுறமும் பச்சைச் சுவராக ஓட, வளைவுக்கு வளைவு முழங்கால் தரையைத் தொடும்போலச் சாய்ந்து பறந்தான். அட்டன் கூரைகள் கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் வண்டி இருமியது. மறுபடி இருமியது. நின்றுவிட்டது.

சூடு. வேறென்ன?

உதைப்பதில் பயனில்லை என்று தெரிந்தும் உதைத்தான். சட்டையைக் கழற்றி எஞ்சினுக்கு விசிறினான். சாலையோரக் கானில் ஓடிய தண்ணீரைக் கையில் அள்ளினான்; கொதிக்கிற இரும்பில் ஊற்றினால் வெடித்துவிடும் என்று கீழே விட்டான். உட்கார்ந்தான், எழுந்தான். கீழே ரயில் கூவிக்கொண்டு அட்டனுக்குள் நுழைவது தெரிந்தது.

ஆடி மாதத்திலும் இப்படித்தான் நின்றான். வடிவுக்கு மாதம் முந்தியே வலி கண்ட இரவு. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் செவலையைக் கிளப்பினான். அன்று மாலையெல்லாம் ஓட்டிய சூடு தணியாமல் அது அசைய மறுத்தது. ஸ்டோரில் லொறி நின்றது; ஓடிப்போய்ப் பெரிய துரையைக் கேட்டிருக்கலாம். இதோ வந்துவிடும், இந்த உதையில் வந்துவிடும் என்று அவன் உதைத்துக்கொண்டே இருந்தான். யாரோ ஓடி லொறி கேட்டு வந்தபோது பிள்ளை போய்விட்டது. அதற்குப் பிறகு அதைப்பற்றி அவளிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. எஞ்சினைப் பிரித்தான், பூட்டினான், பிரித்தான். அந்த ஒரு சீக்கை மட்டும் தீர்த்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும்போல.

ஒருவழியாக வண்டி எழும்பியது. அட்டன் ஸ்டேஷன் வாசலில் போய் நின்றபோது மேடை காலியாக இருந்தது. எதிரே டயர் கடை அன்ஸார் நானா வாசலுக்கு வந்தார்.

"ரயில் இப்பத்தான் போச்சு தம்பி. ஒங்க பொண்டாட்டி கதவுல நிண்டு றோட்டையே பாத்துக்கிட்டு நிண்டிச்சி."

"எறங்கலியா, நானா?"

"எறங்கல. நீங்க இங்க நிண்டு என்னைப் பாத்துக்கிட்டிருந்தா என்னாகும்? வட்டவளையில மேல வார ரயிலுக்கு வழி வுட நிக்கும். போங்க, போங்க! அங்க வுட்டா தலைமன்னார்க் கப்பல்தான்."

வழியில் றொசல்ல ஊரைத் தாண்டுமுன் செவலை மறுபடி இருமி நின்றது. அழகனுக்கு அழுகை வந்தது. எஞ்சினைத் தொட்டுப் பார்த்தான். மேட்டில் வந்த சூடு இல்லை. இறக்கம்தானே, பாதித் தூரம் உருண்டுதானே வந்தது? பிறகு எதற்கு நிற்கிறது? பெட்ரோல் இல்லையோ என்று டாங்கி மூடியைத் திருகினான். 'உஸ்' என்று காற்று உள்ளே இழுத்துக்கொண்டது.

மூடியைத் திருப்பிப் பார்த்தான். நடுவில் குண்டூசி நுழைகிற ஓட்டை ஒன்று உண்டு. டாங்கிக்குள் காற்றுப் போனால்தான் பெட்ரோல் கீழே இறங்கும். அந்த ஓட்டையின் தலையில் வடிவு வைத்த பொட்டு காய்ந்து சிமெந்தாக இறுகியிருந்தது. அட்டனுக்கு மேலே நின்றதும் சூட்டினால் அல்ல. தெரிந்த சீக்கு என்று நம்பி, மூடியைத் தொட்டுக்கூடப் பார்க்காமல் உட்கார்ந்திருக்கிறான்.

சுரண்ட நகம் நீண்டது, அவள் வைத்த பொட்டைக் கலைக்க மனம் வரவில்லை. மூடியைப் பாதி திருகி விட்டுவிட்டு ஏறினான். குலுங்கிய குலுக்கலில் பெட்ரோல் தெறித்துத் தொடை எரிந்தது. எரியட்டும். காது அடைக்க விரட்டினான்.

வட்டவளைக்குள் நுழையும் கடைசி மேட்டில் செவலை நின்றது. இந்தமுறை இருமவில்லை, சொல்லாமல் கொள்ளாமல் நின்றது. எஞ்சினிலிருந்து அனல் முகத்தில் அடித்தது. இதுதான் அசல் சூடு. கீழே ஸ்டேஷனில் ரயில் நின்றுகொண்டிருந்தது. எஞ்சின் புகை நேராக எழுந்தது. அவன் கால் தானாக உதைக்கட்டையைத் தேடியது. ஒருமுறை உதைத்தான். இரண்டாம் உதைக்குத் தூக்கிய காலை அப்படியே இறக்கினான். வண்டியைச் சாலையோரக் கானில் சாய்த்துவிட்டு ஓடினான்.

அவன் மேடையில் ஏறியபோது ஒரு காலில்தான் செருப்பு இருந்தது. மூன்றாவது பெட்டியின் ஜன்னலில் வடிவு. பக்கத்தில் முத்துலிங்கம்.

"என்னங்க மாப்ள, இன்னைக்கி ஒங்களுக்கே சூடு ஏறிப்போச்சா?" என்றார் கிழவர்.

வடிவு அவனைத் தாண்டிச் சாலையைப் பார்த்தாள். "எங்க அது?"

"கான்ல போட்டுட்டு வந்தேன்."

"நின்னுச்சா?"

"நின்னுச்சி. ஆனா மொத ரெண்டு தடவை அது மேல தப்பில்ல புள்ள. மூடி ஓட்டையில நீ சந்தனத்த அடைச்சிட்ட..."

"ஆடியில நின்னப்ப எந்தச் சந்தனம் அடைச்சிச்சி?"

கீழே, வளைவுக்கு அப்பால், மேலே வரும் ரயில் ஊதியது.

"அன்னைக்கி ஓடியிருக்கணும்" என்றான். "லொறிக்கி ஓடியிருக்கணும். ஒதைச்சிக்கிட்டே நின்னுட்டேன்."

வடிவு அவன் காலைப் பார்த்தாள். வெறுங்காலில் விரல் பிளந்து ரத்தம் கசிந்திருந்தது. எதிர் ரயில் அடுத்த தண்டவாளத்தில் இரைச்சலோடு வந்து நின்றது. அவள் ஏதோ சொன்னாள், கேட்கவில்லை. முத்துலிங்கத்துக்குக் கேட்டிருக்க வேண்டும். குனிந்து ஆசனத்துக்கு அடியிலிருந்து தகரப்பெட்டியை இழுத்தார்.

"எறங்கு தாயி. இந்த மலைக்கு வரும்போதும் ஒத்தையாத்தான் வந்தேன்."

ரயில் போனபிறகும் அவள் தண்டவாளத்தைப் பார்த்தபடி வெகுநேரம் நின்றாள். பிறகு அவளாகவே முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நடந்தாள். அவன் பெட்டியைத் தோளில் ஏற்றிக்கொண்டு பின்னால் போனான்.

மேட்டில் செவலை கானில் கிடந்தது. மூடியில் பொட்டு பாதி உதிர்ந்திருந்தது. இந்நேரம் ஆறியிருக்கும், ஒரே உதையில் எழும்பும் என்று அவன் காலுக்குத் தெரிந்தது. வடிவு நிற்காமல் நடந்தாள்.

"மழை வரப்போகுது. அது நனையுமே" என்றாள், திரும்பாமல்.

"நனையட்டும்."

"நெசமாவா?"

அவன் பெட்டியை மற்றத் தோளுக்கு மாற்றிக்கொண்டு, எட்டி நடந்து அவளைப் பிடித்தான்.