கொடியேறிய வாரத்தில் ஒரு முட்டை

"காப்புக் கட்டுன வீட்டுல முட்டையா? ஏண்டி, ஆத்தாளுக்கு அடுக்குமா இது?"

ராக்காயியின் குரல் லயத்து வீட்டு வரிசையின் கடைசி வீடு வரை போனது. போகட்டும் என்றுதான் வாசலில் நின்று கத்தினாள். கையில் முட்டை ஓடு. தம்பி பெண்டாட்டியின் அடுப்புச் சாம்பலைக் கிளறி எடுத்தது.

"ஒரே ஒரு முட்டைதான் அண்ணி. மருந்து குடுக்குற டிரெசரய்யாதான் அவருக்குக் குடுக்கச் சொன்னாரு" என்றாள் முத்தம்மா.

"யாழ்ப்பாணத்தாரு அவரு. நம்ம ஆத்தாளப் பத்தி அவருக்கு என்னா தெரியும் லா? எந்தம்பி ஒடம்பு ஏன் உருகுதுன்னு இப்பத்தானே வெளங்குது!"

எழுபத்தெட்டாம் வருசம். சுங்கை சிப்புட் பக்கத்து அந்த ரப்பர்த் தோட்டத்தில் மாரியம்மனுக்குக் கொடியேறிவிட்டால், இறங்கும்வரை பத்து நாளைக்கு எந்த வீட்டிலும் மீன், முட்டை கிடையாது. கள்ளுக்கடை மட்டும் திறந்திருக்கும். அதை ஆத்தா கண்டுகொள்வதில்லை. புருசன் எழுந்து நடக்க வேண்டுமென்று முத்தம்மாவே காப்புக் கட்டியிருந்தாள்.

அந்தப் புருசன் சன்னாசி, தோளில் சுமக்கும் காண்டாக்கம்பில் இரண்டு வாளி ரப்பர் பாலோடு மேடேறி ஓடுகிறவன். பாராங் கத்தி காலில் பட்டுச் சீழ்வைத்து, விஷம் ரத்தத்தில் ஏறி, ஈப்போ ஆஸ்பத்திரியில் மூன்று வாரம் கிடந்தான். உயிர் திரும்பி வந்தது, உடம்பு வரவில்லை. தொடை, கை எல்லாம் எலும்பும் தோலும். கிருமி தின்றுவிட்டது என்றது லயம். செய்வினை என்றார்கள் சிலர். முத்தம்மா சோறு போடவில்லை என்றவள் யாரென்று சொல்லத் தேவையில்லை.

ஒன்றாம் தேதி காலைப் பெரட்டில், பெயர் கூப்பிடும்போது நின்று வேலைக்கு இறங்காவிட்டால் அவன் பெயரை வெட்டிவிடுவார்கள். பெயர் போனால் வீடும் போகும். முத்தம்மா தினக்கூலிக்குப் புல் வெட்டுகிறவள். அவள் பெயருக்கு வீடு கிடையாது.

தோட்டத்து டிரெசர் பூபாலசிங்கம் அவளிடம் பொறுமையாகத்தான் சொன்னார். "கிருமி சதையைத் தின்னேல்லை, பிள்ளை. உடம்புக்குள்ள சண்டை எண்ட உடனே சதையில இருக்கிற ஒவ்வொரு உயிரணுவும் நெருக்கடி தாங்காமல் புதுசாக் கட்டிறதை விட்டிட்டுது. இருந்ததையும் தானே உடைச்சு எரிச்சுப்போட்டுது. காய்ச்சல் விட்டாலும் அந்தப் பதட்டம் லேசில விடாது. கஞ்சி காணாது. முட்டை குடு, கொஞ்சம் கொஞ்சமா நடக்கப் பண்ணு."

உயிரணு என்னவென்று முத்தம்மாவுக்குத் தெரியாது. மற்றது புரிந்தது. வெள்ளம் வந்த வருசம் விறகெல்லாம் நனைந்துபோக, படுத்த கட்டிலை உடைத்துக் கஞ்சி காய்ச்சியவள் அவள்.

ஆனாலும் அண்ணி கத்தியபின் அடுத்த முட்டையை அவள் அடுப்பில் வைக்கவில்லை. ஒருவேளை ஆத்தா கோபித்துக்கொண்டால்? மீதி ஐந்து முட்டையையும் ராக்காயி வாங்கிப் போனாள். ஆற்றில் விட்டேன் என்றாள். கொடி இறங்கிய மறுநாள் அவள் வீட்டில் முட்டைச் சம்பல் மணத்தது. அதை யாரும் அவளிடம் கேட்கவில்லை. கொடி இறங்கும்வரை மிச்சமிருந்த ஏழு நாளும் சன்னாசிக்கு வெறும் கஞ்சிதான்.

ஒன்றாம் தேதி அவன் பெரட்டில் நின்றான், தூணைப் பிடித்துக்கொண்டு. ரப்பர் மரங்களில் பால்கோடு வெட்டியும் முடித்தான். பாலெடுக்கும் நேரம் மேற்பார்வை மண்டோர் அப்பாவு கேட்டார்: "மச்சான், தூக்கிருவியா?"

"தூக்குவேன் லா."

கம்பு தோளில் ஏறியது. பாதி எழுந்தான். முழங்கால் இரண்டும் மடங்கின. பால் சரிவில் வெள்ளையாக ஓடிச் சருகுகளுக்குள் இறங்குவதை அப்பாவு பார்த்துக்கொண்டே நின்றார். அன்று மாலையே சன்னாசியின் பெயரை வெட்டினார்கள்.

அந்த வருசமே ராக்காயி மகள் மங்களம் தஞ்சோங் ரம்புத்தானுக்குக் கல்யாணம் கட்டிப் போனாள். சன்னாசி வீட்டுக்கு அப்பாவுவின் மச்சினன் குடிவந்தான். முத்தம்மாவுக்கு ஜெலாப்பாங்கில் தொழிற்சாலை வேலை கிடைத்தது.

சாமான் ஏற்ற லாரி வந்த அன்று சன்னாசியால் ஏற முடியவில்லை. டிரைவர் இறங்கி வந்தான். "வேணாம் அண்ணே" என்று முத்தம்மாவே புருசனை இடுப்போடு அணைத்துத் தூக்கி, பாய்ச் சுருள்களுக்கு நடுவே உட்காரவைத்தாள். ஒரு சிரமமும் இருக்கவில்லை, அவ்வளவு லேசாக இருந்தான். இருந்தும் வாசல்களில் நின்ற அத்தனை பேருக்கும் கேட்கும்படி, "அப்பாடி, என்னா கனம்!" என்று சொல்லி, இடுப்பில் கைவைத்து மூச்சு வாங்கினாள்.