கமிட்டி திருத்திய திட்டு

அறக்கட்டளை ஒன்றில் ஆசை அலுவலர் என்று ஓர் உத்தியோகம் இருக்கிறது என்றால் யாரும் நம்ப மாட்டார்கள். அவருடைய மாமனாரே இன்னும் நம்பவில்லை. பெரிய நோயில் படுத்திருக்கும் குழந்தைகளிடம் போய் "உனக்கு என்ன வேணும்?" என்று கேட்டு, படிவத்தில் எழுதி, அதை நடத்திக் கொடுப்பது அவர் வேலை. பதினோரு வருடத்தில் என்னென்னவோ செய்துவிட்டார். ஒட்டகச்சிவிங்கியை லிஃப்டில் ஏற்றக் கூடாது என்ற பொறியாளரோடு மல்லுக்கட்டித் தோற்று, கடைசியில் அதை ஜன்னலுக்கு வெளியே நிறுத்திக் காட்டியவர். அப்படிப்பட்டவருக்கே நான்காம் வார்டில் ஒன்பது வயதுப் பெண் ஒருத்தி தண்ணி காட்டிவிட்டாள்.

வார்டில் அவளுக்கு வக்கீல் என்று பேர். ஊசி போட வரும் நர்ஸிடம் இரண்டு கேள்வி கேட்காமல் கையை நீட்ட மாட்டாள். வெள்ளிக்கிழமை அவளைக் கிருமி அண்டாத கண்ணாடி அறைக்கு மாற்றி, புது எலும்பு மஜ்ஜை ஏற்றப் போகிறார்கள். ஆறு வாரத்துக்கு அம்மாகூட உள்ளே போக முடியாது. அதற்குள் ஆசையை முடித்தாக வேண்டும்.

"சொல்லு கண்ணு, என்ன வேணும்?"

"எங்கம்மா என்னைத் திட்டணும்."

அலுவலர் பேனாவை உதறிப் பார்த்தார். பேனா நன்றாகத்தான் இருந்தது.

"முன்னல்லாம் சூப்பரா திட்டுவாங்க அங்கிள். எட்டு மாசமா ஒண்ணுமே சொல்றதில்ல. நேத்து வேணும்னே பாலைக் கொட்டினேன். 'பரவால்லடா தங்கம்'ங்கறாங்க. எனக்குப் பயமா இருக்கு."

"திட்டலைன்னா எதுக்குப் பயம்?"

வக்கீல் பக்கத்துக் கட்டிலைப் பார்த்தாள். "அந்த அண்ணனையும் யாரும் திட்டல."

அந்தக் கட்டிலில் புது விரிப்பு சுருக்கமில்லாமல் விரித்திருந்தது. அலுவலர் அவள் கேட்டதைப் படிவத்தில் எழுதிக்கொண்டார்.

அம்மாவை வராந்தாவில் பிடித்தார். துணி ஆலையில் தையல்காரி. விஷயத்தைக் கேட்டதும் சுவரோடு சாய்ந்துவிட்டாள்.

"என்னால ஆகாது சார். முதல்ல கால் வலிக்குதுன்னுதான் சொன்னா. பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட நடிக்கிறியான்னு கிழிகிழின்னு கிழிச்சேன். ரெண்டு மாசம் கழிச்சு டாக்டர் ரிப்போர்ட்டை நீட்டுறாரு. இந்த வாயாலதான சார் திட்டினேன்?"

அலுவலருக்குப் படிவத்தைக் கிழித்துப் போட்டுவிடலாம் போலிருந்தது. ஆனாலும் அதில் கையெழுத்து விழுந்துவிட்டது. அறக்கட்டளையில் கையெழுத்து விழுந்த ஆசை எமன் வந்தாலும் நிற்காது.

படிவத்தில் பயணம், பொருள், சந்திப்பு, வேடம் என நாலே கட்டம். திட்டு எதில் சேரும் என்று அறக்கட்டளைக் கமிட்டி ஒன்றரை மணி நேரம் பேசி, பொருளில் சேர்த்தது. அம்மாவால் முடியாதென்றால் வேறு ஆள் வைக்கலாம் என்று, ஓய்வுபெற்ற போலீஸ்காரர் ஒருவரை அனுப்பினார்கள். மீசையை முறுக்கிக்கொண்டு வார்டுக்குள் போனவர், கால் மணி நேரம் கழித்து மூக்கைச் சிந்திக்கொண்டு வெளியே வந்தார். விசிலையும் அவளிடமே கொடுத்துவிட்டிருந்தார். அன்றிலிருந்து நர்ஸ்களுக்குத் தூக்கம் போயிற்று.

பிறகு, எழுதிக் கொடுத்தால் அம்மா வாசித்துவிட மாட்டாளா என்று ஒரு யோசனை. அம்மா அரைமனதாகத் தலையாட்டினாள். பழைய திட்டுகளை வக்கீலே ஒன்றுவிடாமல் சொல்ல, அலுவலர் மூன்று பக்கம் எழுதினார். அதைக் கமிட்டித் தலைவியம்மா சிவப்புப் பேனாவோடு எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"கழுதைன்னு இருக்கே? பிராணிகள் சங்கத்துக்காரங்க சண்டைக்கு வருவாங்க. எடுத்துடுங்க. சோம்பேறிங்கறதை 'ஓய்வில் நாட்டமுள்ளவள்'னு மாத்துங்க. முதுகுத் தோலை உரிச்சிடுவேனா? ஐயையோ! குழந்தை மனசு நோகாமத் திட்டணும், சார்."

மூன்று பக்கம் ஐந்து வரியாக இளைத்தது.

வியாழன் காலை வார்டில் ஒரே அமர்க்களம். 'இனிய திட்டு வாழ்த்துகள்' என்று சுவரில் துணிப்பதாகை. புகைப்படக்காரர் வந்தாயிற்று, கேக் வந்தாயிற்று. பலூன் கட்ட இடமில்லாமல் தவித்த அலுவலர், டிரிப்ஸ் கம்பியிலேயே கொத்தாகக் கட்டிவிட்டார். பார்க்க நன்றாகத்தான் இருந்தது.

அம்மா தாளைப் பிரித்தாள்.

"அன்பு மகளே, உன் சில செயல்கள் எனக்குச் சற்றே வருத்தமளிக்கின்றன. ஓய்வில் நாட்டமுள்ள நீ, இனி வரும் காலங்களில்..."

வக்கீலின் முகம் தொங்கிப்போயிற்று. "இது லீவ் லெட்டர் அங்கிள்" என்றாள். உதடு பிதுங்கியது. நாளைக்குக் கண்ணாடி அறை. இனி கேட்க நேரமில்லை என்று அவளுக்கும் தெரியும், அலுவலருக்கும் தெரியும்.

ஆத்திரத்தில் கட்டிலின் மேல் ஏறி நின்று பலூன் கொத்தைப் பிடித்து இழுத்தாள். கம்பி சாய்ந்தது. குழாயில் ரத்தம் பின்னோக்கி ஏறியது. நர்ஸ் பாய்ந்து வந்து கம்பியைப் பிடித்தாள்.

"ஏய்ய்!"

அம்மா போட்ட சத்தத்தில் வார்டே அதிர்ந்தது. தாள் எங்கே பறந்தது என்று யாருக்கும் தெரியவில்லை.

"இறங்குடி கீழ! கண்ணை எங்கடி வெச்சிருக்க? கையில ஊசி இருக்கறது தெரியல? போனாப் போகுது போனாப் போகுதுன்னு விட்டா, தலை மேலயா ஏறி உக்காருற? எட்டு மாசமா கணக்குப் புஸ்தகத்தைத் தொட்டுப் பாத்தியாடி? அடுத்த வருஷம் பரீட்சையில என்னத்தைக் கிழிப்ப? வளந்து பெரியவளாகி இப்படித்தான் குதிச்சுக்கிட்டு நிப்பியா, கழுதை! வீட்டுக்கு வா, உனக்கு இருக்கு!"

தலைவியம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டே கை தட்டினார். கமிட்டியும் தட்டியது.

அம்மா திரும்பினாள். "என்னத்துக்குக் கை தட்டுறீங்க? டிரிப்ஸ் கம்பியில பலூன் கட்டின அறிவாளி யாரு?"

அலுவலர் மெல்லக் கையைத் தூக்கினார். அவருக்கும் கிடைத்தது. ஒரு வார்த்தைகூடத் திருத்தாமல் முழுசாகக் கிடைத்தது. வாழ்க்கையில் வாங்கிய திட்டுகளிலேயே அவருக்கு மிகவும் பிடித்தது அதுதான்.

வக்கீல் போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டு படுத்திருந்தாள். கண் கலங்கியிருந்தது, ஆனால் வாயெல்லாம் பல்.

எல்லாரும் கேக்கோடு போன பிறகு, அலுவலர் படிவத்தை எடுத்தார். 'ஆசை நிறைவேறியதா? ஆம் / இல்லை.' ஆம் பக்கம் பேனா போனபோது ஒரு சின்னக் கை வந்து தடுத்தது.

"போடாதீங்க அங்கிள். இன்னும் முடியல."

"இவ்வளவு வாங்கியும் போதலியா?"

"வீட்டுக்கு வா, உனக்கு இருக்குன்னு சொன்னாங்கல்ல? அது இன்னும் வரல."

அலுவலர் அம்மாவைப் பார்த்தார். அவள் குழாயடியில் முகத்தைக் கழுவிக்கொண்டே இருந்தாள், கழுவி முடிகிற வழியாக இல்லை. கடைசியில் முந்தானையால் துடைத்துக்கொண்டு வந்து மகளைப் பார்த்து விரலை ஆட்டினாள்.

"ஆமா. இருக்கு. வாசப்படி ஏறினதுமே ஆரம்பிப்பேன். தப்பிச்சிடலாம்னு நினைக்காத."

அலுவலர் 'ஆம்' என்பதையும் விட்டார், 'இல்லை' என்பதையும் விட்டார். இடமில்லாத ஓரத்தில் நெருக்கி எழுதினார்: 'மீதி வீட்டில்.'

அம்மா அவர் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள்.

"கோடு இருக்கில்ல சார்? நேரா எழுத மாட்டீங்களா?"