ஹெய்மோவின் பதினோரு நிமிடம்

எங்கள் பல்கலைக்கழகத்துக்குப் புதிய இணையதளம் கட்ட இரண்டு வருடம் ஆயிற்று. அதில் ஒன்றரை வருடம் கூட்டம் போட்டே போனது. "மாணவரே மையம்" என்று பெரிய எழுத்தில் அச்சடித்துச் சுவரில் ஒட்டி, அதன் கீழே உட்கார்ந்து தலையாட்டிக்கொண்டிருந்தோம். பின்லாந்தில் பாலம் கட்டினாலும் இப்படித்தான் என்பதால் யாருக்கும் அது வேடிக்கையாகப் படவில்லை.

தளத்தில் என்ன வேண்டும் என்று மாணவர்களிடமே கேட்டோம். முந்நூறு பேர் மஞ்சள் காகிதத்தில் எழுதி ஒட்டினார்கள். அதிகம் பேர் கேட்டது, உணவகத்தில் இன்றைக்கு என்ன சாப்பாடு என்ற தகவலை. மாணவரே மையமாயிற்றே, மறுக்க முடியுமா? தளத்தைத் திறந்ததும் பளிச்சென்று தெரிகிற இடத்தைச் சாப்பாட்டுப் பட்டியலுக்குக் கொடுத்தோம். வியாழக்கிழமையென்றால் எங்கள் நாடு முழுக்கப் பட்டாணி சூப்தான்; அதன் படம் பாதித் திரைக்கு நிற்கும். வருடத்துக்கு ஒரு முறை மட்டும் செய்கிற வேலைகளை உள்ளே தள்ளினோம். "இந்த ஆண்டும் படிக்கிறேன்" என்று மாணவர் பதிவு செய்கிற பட்டன் அப்படி உள்ளே போனதுதான். "கல்விப் பயணம்" என்ற தலைப்பைத் திறந்து, அதற்குள் "என் நிலை"யைத் திறந்து, அதற்குள் "மாற்றங்கள்" என்பதைத் திறந்தால் அது இருக்கும். செப்டம்பர் நடுவுக்குள் அதை அழுத்தாதவருக்குப் படிப்பில் இடம் போய்விடும். இது எங்கள் எல்லோருக்கும் தெரியும். மஞ்சள் காகிதத்தில் எவரும் அதைக் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

என் பெயர் மெர்வி. கட்டிய தளத்தை ஆட்களிடம் கொடுத்துச் சோதித்துப் பார்ப்பது என் வேலை. ஒருவரைத் திரை முன்னால் உட்காரவைத்து, ஒரு வேலையைக் கொடுத்து, மனதில் ஓடுவதையெல்லாம் வாய்விட்டுச் சொல்லச் சொல்ல வேண்டும். இந்த முறையைக் கண்டுபிடித்தவர் எங்கள் நாட்டுக்காரர் இல்லை என்று அடித்துச் சொல்வேன். மே மாதம் ஆறு பேரை வைத்துச் சோதித்தோம். நிரல் எழுதுகிற ஒஸ்மோ சோதனை வீடியோக்களில் பேச்சை மட்டும் கேட்டுவிட்டு என்னிடம் வந்தான்.

"ஆறு பேரும் சேந்து மொத்தம் நாப்பத்தி மூணு வார்த்தை பேசியிருக்காங்க. அதுல பத்து 'ம்ம்'."

"போன தடவைய விடப் பரவால்லையே," என்றேன்.

அந்த ஆறு பேரில் ஒருவர் ஹெய்மோ. ஐம்பத்தொரு வயது. காகித ஆலையில் இருபத்தாறு வருடம் வேலை பார்த்தவர். ஆலையை மூடியதும் ஆசிரியராகப் போகிறேன் என்று கிளம்பி, நுழைவுத் தேர்வை மூன்றாம் முறை எழுதி இடம் வாங்கியவர். சோதனைக்கு முன்னால் நிரப்பித் தந்த படிவத்தில் இதையெல்லாம் அச்சுப்போன்ற எழுத்தில் எழுதியிருந்தார். மேசையில் வைத்திருந்த ஏலக்காய் பன்னுக்கு நன்றி சொல்லிவிட்டு, முதுகை நேராக வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"வர்ற வருஷத்துக்கு நீங்க பதிவு பண்ணணும். பண்ணிக் காட்டுங்க," என்றேன். "மனசுல என்ன தோணுதோ அதைச் சத்தமாச் சொல்லிக்கிட்டே பண்ணுங்க."

"சத்தமாவா?"

"சும்மா பேசுற மாதிரி."

"சரி," என்றார். அதோடு பதினோரு நிமிடம் வாயே திறக்கவில்லை.

திரையில் அம்புக்குறி அலைந்தது. சாப்பாட்டுப் பட்டியலுக்குப் போயிற்று, திரும்பியது, மேலே அவர் பெயர் இருந்த மூலைக்குப் போயிற்று, மறுபடி சாப்பாட்டுக்கு வந்தது. அவருக்குக் கிடைக்கவில்லை என்பது எனக்கு மூன்றாவது நிமிடமே தெரிந்துவிட்டது. ஆனால் அந்த வயது மனிதர் ஒருவர் திணறுவதை உற்றுப் பார்ப்பது எனக்கு என்னவோ போலிருந்தது. ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டேன். கடைசியில் அவர் மவுஸிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"முடிஞ்சுதா?"

"ம்ம்."

"எப்படி இருக்கு?"

"நல்லாத்தான் இருக்கு."

எங்கள் ஊரில் ஒருவர் 'நல்லாத்தான் இருக்கு' என்று சொன்னால் அதற்கு மேல் பாராட்டு கிடையாது. பிடிக்காததற்கும் அதையேதான் சொல்வோம். "எங்க பண்ணினீங்க, காட்டுங்க" என்று நான் கேட்டிருக்க வேண்டும். அது அவரைச் சங்கடப்படுத்தும் என்று தோன்றியது. கிடைக்கவில்லை என்று சொன்னால் எனக்குச் சங்கடமாகும் என்று அவருக்கும் தோன்றியிருக்கும். அவர் போனபிறகு தாளில் "செய்து முடித்தார்" என்ற கட்டத்தில் டிக் போட்டேன். இரண்டு பேருமே நல்ல பிள்ளைகள். மற்ற ஐந்து பேர் விஷயத்திலும் நான் எதையும் துருவிக் கேட்கவில்லை. அறிக்கையில் ஆறுக்கு ஆறு என்று போயிற்று.

ஆகஸ்டில் தளத்தைத் திறந்தோம். பட்டாணி சூப்புக்கு நல்ல பெயர் கிடைத்தது. செப்டம்பர் நடுவில் பதிவுக் கெடு முடிந்த மறுநாள் காலையில், மாணவர் பிரிவின் தலைவி ரைஜா கையில் ஒரு தாளோடு எங்கள் அறைக்குள் வந்து நின்றாள்.

"இருநூத்திப் பன்னெண்டு பேரு பதிவு பண்ணல. போன வருஷம் பதினாலு பேருதான்."

"தளம் ஒரு நிமிஷம்கூட நிக்கல," என்றான் ஒஸ்மோ. "பட்டன் வெச்ச எடத்துலயேதான் இருக்கு."

"அது எங்க போகும்? யாராச்சும் அது பக்கம் வந்தாத்தானே," என்றேன்.

ரைஜாவின் தாளை எட்டிப் பார்த்தேன். "தனிநபர் தகவல்டி, நீ பாக்கக் கூடாது," என்று அவள் அதைத் திருப்பிக்கொண்டாள். அதற்குள் ஒரு வரி கண்ணில் பட்டுவிட்டது. ஹெய்மோவின் பெயர். அக்டோபரில் அவர் இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்திப் பழகப் போக வேண்டியவர். இடம் போனால் மறுபடி வசந்தத்தில் நுழைவுத் தேர்வு, நான்காவது முறை.

விசாரிக்க ரைஜா உட்பட ஐந்து பேர் கொண்ட குழு கூடியது. என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். விதி எளிமையானது. தவறு பல்கலைக்கழகத்துடையது என்றால் இடத்தைத் திருப்பித் தரலாம். மாணவரின் அசட்டை என்றால் தரக் கூடாது. எது என்று முடிவு செய்ய அவர்கள் எடுத்துக்கொண்ட சான்று என் அறிக்கை.

குழுத்தலைவர் யூர்யோ கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். "சோதிச்சதுல ஆறு பேருக்கு ஆறு பேரும் முடிச்சிருக்காங்க. அப்ப தளத்துமேல குத்தம் இல்ல. மாணவங்க அசட்டைதான்."

"அந்த அறிக்கை தப்பு," என்றேன்.

"எழுதினது நீதானே, மெர்வி?"

"நான்தான். அதனாலதான் சொல்றேன். ஒரு சோதனை வீடியோ போட்டுக் காட்டட்டுமா?"

ஹெய்மோவின் சோதனையைத் திரையில் ஓடவிட்டேன். வேறு நாடாக இருந்தால் இரண்டாவது நிமிடத்திலேயே யாராவது "போதும், புரிஞ்சுது" என்றிருப்பார்கள். நாங்கள் பதினோரு நிமிடமும் பார்த்தோம். ஒரு வார்த்தை இல்லை. அம்புக்குறி மட்டும் அலைந்தது. அது மூன்றாவது முறை சூப்பின் மேல் போய் நின்றபோது ரைஜா தலையைக் குனிந்துகொண்டாள். கடைசியில், நல்லாத்தான் இருக்கு என்று ஹெய்மோ சொன்னதும், "ரொம்ப நன்றி" என்ற என் குரலும் கேட்டது. அந்தக் குரலை அறையலாம் போலிருந்தது.

"இவர் பதிவு பண்ணவே இல்லையே," என்றார் யூர்யோ.

"இல்ல."

"பண்ணினார்னு போட்டிருக்கியே, ஏன்?"

"கேக்கக் கூச்சமா இருந்துச்சு."

ஐந்து பேரும் மெல்லத் தலையாட்டினார்கள். யாரும் திட்டவில்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தார்கள். இருநூற்றுப் பன்னிரண்டு பேருக்கும் தகவல் போகும். "தேடினேன், கிடைக்கவில்லை" என்று வெள்ளிக்கிழமை மூன்று மணிக்குள் எழுதி அனுப்புகிறவருக்கு இடம் திரும்பக் கிடைக்கும். எழுதாதவருக்கும், தன் கவனக்குறைவுதான் என்று எழுதுகிறவருக்கும் கிடைக்காது.

"எல்லாருக்கும் குடுத்துடலாமே," என்றேன்.

"நெஜமாவே படிப்ப விட்டவங்களும் இருப்பாங்கல்ல? வாயத் தொறந்து சொன்னாத்தானே நமக்குத் தெரியும்?" என்றார் யூர்யோ.

நியாயமான பேச்சுதான். வாயைத் திறந்திருந்தால் இந்தக் கூட்டமே தேவைப்பட்டிருக்காது என்பதை மட்டும் அவர் யோசிக்கவில்லை.

வெள்ளிக்கிழமை மதியம் ரைஜாவிடம் போய், ஹெய்மோ எழுதிவிட்டாரா என்று கேட்டேன். "அத நான் சொல்லக் கூடாது," என்று சொல்லிவிட்டு உதட்டைப் பிதுக்கினாள். சோதனைப் படிவத்தில் அவர் முகவரி இருந்தது. அதை எடுத்துப் பார்ப்பதே விதிமீறல்தான். அன்றைக்கு எனக்கு விதிகள்மேல் அவ்வளவு மரியாதை இருக்கவில்லை. பஸ் பிடித்துப் போனேன்.

ஹெய்மோ வீட்டுப் பின்புறம் விறகு அடுக்கிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டு ஆச்சரியப்பட்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை.

"மறுபடியும் சோதனையா?"

"கடிதம் எழுதிட்டீங்களா?"

"எழுதி வெச்சிருக்கேன். அனுப்பல."

சமையலறையில் கணினியைத் திறந்து காட்டினார். 'தளம் நன்றாகத்தான் இருக்கிறது. எனக்குத்தான் பார்க்கத் தெரியவில்லை. தொந்தரவுக்கு மன்னிக்கவும்' என்று இருந்தது.

"இத அனுப்பினா உங்களுக்கு எடம் கெடைக்காது."

"உண்மைய எழுதினேன். சின்னப் பசங்கள்லாம் பண்ணிட்டாங்க, எனக்குத்தான் வயசாயிடுச்சு."

"யாருங்க பண்ணினா? இருநூத்திப் பன்னெண்டு பேரு பண்ணல!"

அவர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "நான் ஒருத்தன்தான்னு நெனச்சேன்," என்றார்.

"அன்னிக்கு மே மாசம் உங்களுக்குக் கோவமே வரலியா?"

கையில் ஒட்டியிருந்த மரத்துணுக்குகளை ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டார். நான் இந்த முறை ஜன்னல் பக்கம் பார்க்கவில்லை.

"வந்துச்சு," என்றார். "மில்லுல மெஷினுக்கு மெஷின் ஒரு செவப்பு பட்டன் இருக்கும், இந்தா, கையகலத்துக்கு. ஆபத்துன்னா கண்ண மூடிக்கிட்டு அடிக்கலாம். எவனும் தேட வேண்டியதில்ல. யாருடா இத இப்படிக் கட்டினான்னு மனசுக்குள்ள திட்டினேன்."

"திட்டினத வெளிய சொல்லியிருக்கலாமே! அதுக்குத்தானே கூப்பிட்டேன்!"

"எப்படிச் சொல்றது? நீங்க எனக்காக ஏலக்கா பன்னு சுட்டு வெச்சிருந்தீங்க."

"அது கடையில வாங்கினதுங்க!" என்று கத்திவிட்டேன். முன்பின் பழக்கமில்லாத மனிதரின் சமையலறையில் நான் கத்தியது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. அவர் என்னைப் பார்த்தார். பிறகு சிரித்தார். நானும் சிரித்தேன், கொஞ்சம் அழுகையும் வந்தது.

மூன்று மணிக்கு இன்னும் நாற்பது நிமிடம் இருந்தது. பழைய கடிதத்தை அழித்துவிட்டு இரண்டு விரலால் புதிதாகத் தட்டினார். 'மே மாதம் பதினோரு நிமிடம் தேடினேன். கிடைக்கவில்லை. செப்டம்பரில் மூன்று நாள் தேடினேன். கிடைக்கவில்லை. சோதனை எடுத்த மெர்வி பக்கத்திலேயே இருந்தார். நான் திணறியதைப் பார்த்தார். இருந்தும் முடித்ததாக எழுதிக்கொண்டார்.' அந்த இடத்தில் நிறுத்தினார்.

"இது உங்களுக்கு வம்பாயிடும். எடுத்துடறேன்."

"அதுல பொய் இருக்கா?"

"இல்ல."

"அப்ப இருக்கட்டும்."

என்னைப் பற்றி ஒருவர் நேருக்கு நேர் எழுதிய முதல் குறை அது. படிக்கும்போது காதெல்லாம் சூடாகி வெட்கம் பிடுங்கித் தின்றது. நானே இன்னொரு முறை படித்துப் பார்த்து, அனுப்பச் சொன்னேன்.

ஹெய்மோவுக்கு இடம் திரும்பக் கிடைத்தது. அக்டோபரில் இரண்டாம் வகுப்புக்குப் போனார். மொத்தம் நூற்று எழுபத்தைந்து பேர் எழுதியிருந்தார்கள். முப்பத்தேழு பேர் எழுதவில்லை. போன வருடம்போலப் பதினான்கு பேர் உண்மையிலேயே படிப்பை விட்டவர்கள் என்று வைத்தாலும் இருபத்து மூன்று பேர் மிச்சம். அவர்கள் வீட்டுக்கும் போகிறேன், பெயரைக் கொடு என்று ரைஜாவிடம் மன்றாடினேன். சட்டம் இடம் கொடுக்கவில்லை. அந்த இருபத்து மூன்று பேரின் இடமும் போயிற்று. இன்றுவரை அவர்களில் ஒருவரிடமிருந்தும் எங்களுக்குப் புகார் வரவில்லை.