முட்டுத் தலையணை

ஒரு நாளைக்குப் பன்னிரண்டு தடவை. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை அப்பாவைத் திருப்பிப் படுக்க வைக்க வேண்டும். இடப்பக்கம், வலப்பக்கம், நடுவில் மல்லாக்க, மறுபடி இடப்பக்கம். பதினொரு வருடங்களாக அம்மா இதைச் செய்கிறாள். இரவுக்கு அலாரம் உண்டு. அது அடிப்பதற்கு முன்பே எழுந்து அதை அணைத்துவிடுவாள்.

அப்பா ராணுவத்தில் லாரி ஓட்டினார். மலைப்பாதையில் வண்டி உருண்டு கழுத்தில் தண்டுவடம் நசுங்கியது. மார்புக்குக் கீழே உணர்வே இல்லை. யாராவது எப்படி ஆச்சு என்று கேட்டால், "எதிரி இல்லங்க, உருளைக்கிழங்கு. நாப்பது மூட்டை மேல விழுந்துச்சு. சண்டையில அடிபட்டேன்னு சொல்லிக்கக்கூட வழியில்ல" என்பார். தோள் அசையும். முழங்கை மடங்கும். விரல்கள் மூடாது. மிச்சம் அவ்வளவுதான்.

பக்கவாட்டில் திருப்பிய பிறகு முதுகுக்குப் பின்னால் ஒரு தலையணையை முட்டுக் கொடுக்க வேண்டும். இல்லையென்றால் உடம்பு தன் கனத்திலேயே உருண்டு மல்லாந்துவிடும். அவருடைய பழைய கூடாரத் துணியை முக்கோணமாக வெட்டி, பஞ்சு அடைத்து அம்மாவே தைத்த தலையணை அது. ஒவ்வொரு முறை திருப்பும்போதும் இடுப்புக்குக் கீழே, வால் எலும்பின் மேல், விரலை அழுத்தி எடுப்பாள். தோல் சிவந்திருந்தால் அழுத்தியதும் வெளுக்க வேண்டும். வெளுக்காவிட்டால் புண் தொடங்கிவிட்டது என்று பொருள். அது வெளுக்காமல் இருந்ததே இல்லை.

போன வருடம் அம்மாவின் வலது தோளில் தசைநார் கிழிந்தது. இனிமேல் பாரம் தூக்கக் கூடாது என்று எலும்பு டாக்டர் சொன்னார்.

"அப்ப நீங்க வந்து தூக்குறீங்களா?" என்று அம்மா கேட்டாள். அவர் சிரித்துவிட்டு மாத்திரை எழுதினார்.

நான் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்கிறேன். காலையில் போனால் மாலைதான் வருவேன். பகலுக்கு ஓர் ஆள் வைக்க வேண்டும். அப்பாவின் ஓய்வூதியம் வாடகைக்கும் மருந்துக்கும் சரியாகப் போய்விடும். முழுநேரமும் இன்னொருவர் உதவி தேவைப்படும் முன்னாள் படைவீரர்களுக்கு அரசு கவனிப்புப் படி தருகிறது. அது கிடைத்தால் ஆள் வைக்கலாம். கிடைக்காவிட்டால் அம்மாவின் தோள் போய்விடும். அதற்குப் பிறகு அப்பாவை யார் திருப்புவது என்று எங்கள் வீட்டில் யாரும் பேசுவதில்லை.

விண்ணப்பித்தோம். ஒரு மருத்துவ அதிகாரி வீட்டுக்கு வந்து பார்ப்பார் என்றார்கள்.

அன்று அம்மா விடியும் முன்பே தொடங்கிவிட்டாள். சவரம் செய்தாள். நகம் வெட்டினாள். புது விரிப்பு போட்டாள். சட்டையை இரண்டு முறை தேய்த்தாள். அப்பாவும் சும்மா இருக்கவில்லை.

"பாப்பா, காலர் நிமிந்திருக்கா பாரு."

"எல்லாம் சரியா இருக்குப்பா."

"உங்கம்மா எங்க பட்டாளத்துல இருந்திருந்தா நாங்க எல்லாரும் ஓடிப் போயிருப்போம்."

"ஓடுறவரு மூஞ்சியப் பாரு," என்றாள் அம்மா, அவர் காதில் ஒட்டியிருந்த சோப்பு நுரையைத் துடைத்தபடி.

அதிகாரி உள்ளே வந்ததும் அப்பா முழங்கையை மடக்கி, விரல் மூடாத கையை நெற்றி வரை கொண்டுபோனார். சல்யூட். அந்த அதிகாரிக்கும் முகம் மலர்ந்துவிட்டது. பதிலுக்கு அவரும் வைத்தார். முதுகைப் பார்த்தார். "ரொம்ப நல்லா வெச்சிருக்கீங்கம்மா" என்றார். பத்து நிமிடத்தில் கிளம்பிவிட்டார்.

மூன்று வாரம் கழித்துப் பதில் வந்தது. நான்தான் படித்தேன். 'பொது உடல்நிலை நன்று. படுக்கைப் புண் இல்லை. மேற்கைகளில் அசைவு உண்டு. முழுநேர உதவி தேவை என்பது நிறுவப்படவில்லை.'

அப்பா மேலே சுழலும் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். "சல்யூட் அடிச்சது தப்பாப் போச்சு."

"சட்டைய தேய்ச்சது நான்," என்றாள் அம்மா.

மேல்முறையீடு செய்ய மனுக்காரரைக் கூப்பிட்டோம். அதே அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். இப்போது வீடு வீடாகப் போய் மனு எழுதித் தருகிறார். அப்பாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, அறையைச் சுற்றிப் பார்த்தார். மோந்தும் பார்த்தார்.

"என்னம்மா இது, ஆஸ்பத்திரி மாதிரிகூட இல்ல, கல்யாண வீடு மாதிரி இருக்கு. இவ்ளோ சுத்தமா வெச்சிருந்தா கஷ்டப்படுறீங்கன்னு எவன் நம்புவான்?"

"அதுக்காக அழுக்கா வெச்சுக்க முடியுமாண்ணே?"

"நான் அப்படிச் சொல்லல. போன மாசம் ஒரு கேசு. முதுகுல உள்ளங்கை அகலத்துக்குப் புண்ணு. டாக்டர் துணிய விலக்குனாரு, மூக்கப் பொத்துனாரு, கையெழுத்தப் போட்டாரு. முடிஞ்சுது. உங்க வீட்ல அந்த வசதி இல்ல."

அப்பா சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை. மனுக்காரர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"சும்மா பேச்சுக்குச் சொன்னேன்மா. ஆனா ஒண்ணு, அடுத்த தடவ அவங்க வரும்போது சார் ரெண்டு கையையும் போர்வைக்குள்ளயே வெச்சுக்கணும். கை அசையுதுன்னு தெரிஞ்சா மறுபடியும் அதையேதான் எழுதுவாங்க. அப்புறம் நானும் ஒண்ணும் பண்ண முடியாது."

"உத்தரவு சார்," என்றார் அப்பா.

அதற்கு அடுத்த வாரம் ஒரு மாலை நான் வீட்டுக்கு வந்தபோது முட்டுத் தலையணை தரையில் கிடந்தது. அப்பா மல்லாந்து கிடந்தார். கண்கள் மூடியிருந்தன. அம்மா பின்பக்கம் துணி அலசிக்கொண்டிருந்தாள். நான் அவரைத் திருப்பித் தலையணையை வைத்தேன். மறுநாளும் கிடந்தது. சில நாட்களில் காலையிலும் கிடந்தது.

"பஞ்சு நைஞ்சு போச்சு. அதான் வழுக்குது," என்றாள் அம்மா. பிரித்துப் புதிதாக அடைத்துத் தைத்தாள். அதுவும் விழுந்தது.

அப்பாவின் முழங்கைகள் இரண்டிலும் தோல் வழன்றிருந்தது. சட்டைக் கை உரசுகிறது போல என்று சொல்லி அம்மா எல்லாச் சட்டைகளின் கையையும் வெட்டிவிட்டாள். எண்ணெய் தடவினாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அவரைத் திருப்பும்போது வழக்கம்போல விரலை அழுத்தி எடுத்தாள். மறுபடி அழுத்தினாள்.

"பாப்பா, நீ பாரு."

அழுத்திப் பார்த்தேன். சிவப்பு அப்படியே இருந்தது.

"என் கண்ணுக்குத்தான் அப்படித் தெரியுதா?"

"இல்லம்மா."

பத்து நாளில் தோல் கிழிந்தது. அம்மா மருந்து வைத்துக் கட்டினாள். பிறகு கட்டிலுக்குப் பக்கத்தில் விரித்திருந்த பாயைச் சுருட்டி வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார ஆரம்பித்தாள். இரண்டாவதாக ஓர் அலாரமும் வாங்கி வரச் சொன்னாள்.

"நான் தூங்கிடுறேன் போல. அணைச்சிட்டுத் திரும்பப் படுத்துடுறேன் போல. எனக்கே தெரியல."

"நீ தூங்கலம்மா," என்றேன்.

"அப்ப புண்ணு எப்படி வந்துச்சு?"

அப்பா குறுக்கே பேசினார். "சின்னப் புண்ணுதானே. எனக்கு வலிக்கவா போகுது? நல்லதுன்னு நெனச்சுக்க. அவங்க வந்து பாக்கட்டும்."

அம்மா அவரைப் பார்த்தாள். கையில் இருந்த பஞ்சைக் கீழே வைத்தாள். அடிபட்ட செய்தி வந்த நாளில்கூட என் முன்னால் அழாதவள், முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். அப்பாவால் அந்தப் பக்கம் திரும்ப முடியாது. சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டு படுத்திருந்தார்.

அன்றிலிருந்து தலையணை கீழே விழவில்லை. புண் ஆறவும் இல்லை.

மேல்முறையீட்டுக்காக ஒரு பெண் டாக்டரும் அவருடன் குறிப்பெடுக்க ஓர் எழுத்தரும் வந்தார்கள். இந்த முறை சவரம் இல்லை. விரிப்பு மட்டும் மாற்றியிருந்தாள், அதை மாற்றாமல் இருக்க அவளால் முடியவில்லை. அப்பாவின் கைகள் போர்வைக்குள் இருந்தன.

"தானா சாப்பிடுவாரா?"

"இல்லங்க. ஊட்டணும்."

"தானா புரண்டு படுக்க முடியுமா?"

"முடியாதுங்க."

"கை அசைவு?"

அம்மா போர்வையைப் பார்த்தாள். "இல்லங்க."

எழுத்தர் எழுதினார். டாக்டர் கையுறை மாட்டிக்கொண்டு கட்டைப் பிரித்தார். வெகுநேரம் பார்த்தார். ஒரு சின்ன அளவுகோலை வைத்து அளந்தார்.

"எவ்வளவு நேரத்துக்கு ஒரு தடவ திருப்புறீங்க?"

"ரெண்டு மணி நேரத்துக்குங்க."

"ராத்திரியும்?"

"ராத்திரியும்."

"ரெண்டு மணிக்கொருக்கா திருப்புனா இந்தப் புண்ணு வராதும்மா." குரலில் கடுமை இல்லை. "போன அறிக்கையில புண்ணே இல்லைன்னு இருக்கு. இப்ப எலும்பு வரைக்கும் போகப் பாக்குது. நடுவுல என்ன ஆச்சு?"

அம்மா பிரித்த கட்டுத் துணியைச் சுருட்டினாள்.

"தூங்கிடுறீங்களா?"

"தூங்கியிருப்பேன்," என்றாள் அம்மா. "தூங்கித்தான் இருப்பேன்."

எழுத்தர் அதையும் எழுதினார். 

டாக்டர் கையுறையைக் கழற்றினார். "உங்களக் குத்தம் சொல்லலம்மா. உங்க தோளுக்கு டாக்டர் எழுதின சீட்டையும் பாத்தேன். உங்களால முடியல, அவ்வளவுதான். கவனிப்புப் படிங்கிறது நல்லா பாத்துக்குற ஆளுக்குத் தர்றது. இந்த நெலமையில அத நான் எப்படி எழுதுறது? படைவீரர் காப்பகத்துல இடம் இருக்கு. அங்க சேக்கச் சொல்லி எழுதுறேன். நீங்க வாரம் ஒரு தடவ போய்ப் பாக்கலாம்."

"அங்க ரெண்டு மணிக்கொருக்கா திருப்புவாங்களா?"

"ஒரு வார்டுக்கு ரெண்டு பேரு இருப்பாங்க. முடிஞ்ச வரைக்கும் செய்வாங்க."

அம்மா தலையாட்டினாள். முட்டுத் தலையணையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு அதன் தையலைத் தடவிக்கொண்டிருந்தாள். பிறகு என்னிடம் திரும்பி, "அப்பாவோட கம்பளிச் சட்டை எந்தப் பெட்டியில இருக்குன்னு பாரு. அங்க குளிருமோ என்னமோ," என்றாள்.

"டாக்டர்," என்றார் அப்பா.

எல்லோரும் திரும்பினோம். போர்வை அசைந்தது.

"என்னங்க, கைய உள்ள வைங்க," என்றாள் அம்மா, அவசரமாக.

அவர் வைக்கவில்லை. தோளை முன்னும் பின்னும் ஆட்டி, வலது கையை வெளியே இழுத்தார். அதற்கு நேரம் பிடித்தது. யாரும் உதவப் போகவில்லை. சட்டையில் கை இல்லாததால் முழங்கை நன்றாகத் தெரிந்தது. காயம் காய்ந்து, கறுப்பாகத் தடித்திருந்தது. டாக்டர் குனிந்து அதைத் தொட்டுப் பார்த்தார்.

"இது எப்படி வந்துச்சு?"

அப்பா அம்மாவைப் பார்த்தார். அவள் மடியில் இருந்த தலையணையைப் பார்த்தார். பிறகு எழுத்தரிடம் பேசினார்.

"கை அசையும்னு எழுதிக்குங்க சார். தூங்குனான்னு எழுதுனத அடிச்சிருங்க. அவ ஒரு நாளும் தூங்கல. புண்ணு வந்தா பணம் குடுப்பாங்கன்னு, ஒவ்வொரு தடவையும் அவ அந்தப் பக்கம் போனதும், அந்தத் தலையணைய முழங்கையால இடிச்சு இடிச்சுக் கீழ தள்ளுனது நான்."