வெளிச்சம் பட்ட முனை

பழைய கேமரா சாமான்கள் விற்கும் அந்தக் கடைக்கு அவன் எத்தனையாவது முறையாக வருகிறான் என்பது கடைக்காரம்மாவுக்கே மறந்துபோயிருந்தது. லிப்ட் ரிப்பேர் செய்கிறவன். வேலைக்குப் போகிற வழியில் ஒருநாள், திரும்புகிற வழியில் ஒருநாள் என்று எட்டிப் பார்ப்பான். அங்கே விற்பனைக்கு இருந்த இரண்டு ஃபிலிம் ஸ்கேனர்களையும் தடவிப் பார்த்துவிட்டு, "நாளைக்கு முடிவு பண்ணிடறேன்" என்று நழுவிவிடுவான். வீடு வாங்குகிறவன்கூட இவ்வளவு யோசிக்க மாட்டான். இன்று பொறுமை இழந்த அண்ணி, செருப்பை மாட்டிக்கொண்டு கூடவே கிளம்பிவிட்டாள்.

அண்ணன் போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. கண்ணில் பட்டவர்களையெல்லாம் ஃபிலிமில் பிடித்துத் தள்ளிய மனிதர். எப்போதும் கேமராவுக்குப் பின்னால் நின்றதால், பிரிண்ட் போட்ட எந்தப் படத்திலும் அவர் இல்லை. சுவரில் மாட்டியிருக்கும் அவர் படம் அடையாள அட்டையிலிருந்து பெரிதாக்கியது. போலீஸ் தேடுகிற ஆள் மாதிரி விறைத்துக்கொண்டிருக்கும். "அப்பா சிரிச்சா எப்படி இருப்பாருன்னே மறந்துடும் போலம்மா" என்று மகள் சொன்னதிலிருந்து அண்ணிக்கு இருப்புக் கொள்ளவில்லை. அத்தனை ஃபிலிமில் யாராவது கேமராவைப் பிடுங்கி அவரை ஒரு படமாவது எடுத்திருக்க மாட்டார்களா? எல்லாவற்றையும் ஸ்கேன் பண்ணித் தருகிறேன் என்று வாக்குக் கொடுத்தவன் இவன்தான். மாதக்கணக்காக ஸ்கேனரைத் தேர்ந்தெடுத்துக்கொண்டிருக்கிறான்.

ஒன்று, ஃபிலிமுக்கென்றே செய்த சின்னப் பெட்டி. ஃபிலிம் துண்டை வாயில் கொடுத்தால் ஒவ்வொரு படமாக இழுத்து, சட்டையின் நூல் வரைக்கும் காட்டும். மற்றது அகலமான தட்டைக் கண்ணாடி ஸ்கேனர். மூடியைத் திறந்து ஃபிலிமை அடுக்கி வைத்தால் கண்ணாடியில் கிடப்பதையெல்லாம் ஒரே இழுப்பில் எடுத்துவிடும். ஆனால் கொஞ்சம் மங்கல். பெட்டியை வாங்கினால் ஜென்மத்துக்கும் வேலை முடியாது. தட்டையை வாங்கினால் அண்ணனுக்குத் துரோகம் செய்தது போல உறுத்தும். இரண்டுக்கும் அடியில் வேறொரு பயமும் இருந்தது. எல்லாவற்றையும் பார்த்து முடித்து, எதிலுமே அண்ணன் இல்லையென்றால்? அதை அண்ணியிடம் சொல்ல அவனுக்குத் தெம்பில்லை. தேர்ந்தெடுத்துக்கொண்டே இருக்கிறவரை சொல்ல வேண்டியதுமில்லை.

"இன்னைக்கு ரெண்டுலயும் போட்டுப் பாத்துடுங்க சார். நானும் இதைத் தொடைக்கறதை நிறுத்துவேன்" என்றாள் கடைக்காரம்மா.

முதல்முறை வந்தபோது சோதித்துப் பார்ப்பதற்கென்று பையில் போட்ட ஒரு ஃபிலிம் துண்டு அப்படியே கிடந்தது. அதை எடுத்துப் பெட்டிக்குள் விட்டான். பெட்டி முனகி முனகி இழுத்தது. சைக்கிளோடு நின்ற சித்தப்பா திரையில் வந்தார்.

"அண்ணி, பாத்தீங்களா! சட்டைப் பொத்தானோட ஓட்டைகூட தெரியுது!"

"ஓட்டையை வச்சுக்கிட்டு நான் என்ன பண்றது?" என்றாள் அண்ணி.

அதே துண்டைத் தட்டைக் கண்ணாடியில் வைத்தான். துண்டு முழுவதும், நுனியிலிருந்து நுனிவரை, திரையில் விழுந்தது. அண்ணி குனிந்தாள்.

"ஓரத்துல இது என்ன தம்பி?"

"அது ஒண்ணுமில்ல அண்ணி. ஃபிலிம் மாட்டும்போது வெளிச்சம் பட்டு வீணாப்போன முனை. பெட்டி அதைச் சீண்டவே சீண்டாது."

"பெரிசு பண்ணுங்க."

பாதிக்கு மேல் வெறும் வெள்ளை. மீதியில் ஒரு கன்னம், ஒரு காது, இடுக்கிய ஒரு கண், சிரிப்பில் பிளந்த உதட்டின் ஓரம். மிகவும் கிட்டத்தில் எடுத்ததால் எல்லாம் கலங்கியிருந்தது. எந்த ஸ்கேனராலும் அதைத் துலக்க முடியாது. அண்ணிக்குத் துலக்கம் தேவைப்படவில்லை.

"அவருதான்" என்றாள். சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. "புது ஃபிலிம் மாட்டினதும் கேமராவைத் தன் பக்கம் திருப்பி ஒரு அமுக்கு அமுக்குவாரு. ஷட்டர் தொறக்குதான்னு பாக்கணுமாம். மூஞ்சியைக் கோணிக்கிட்டு. அது படமா விழும்னு எனக்குத் தோணவே இல்ல." முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். "அப்போ ஒவ்வொரு ரோல்லயும் இருப்பாருல்ல?"

சும்மா இருக்கத் தெரியாத கை அவனுக்கு. முடிவெடுக்க முடியாத அந்த மாதங்களில், சாயங்காலமானால் கத்தரிக்கோலும் கையுமாக உட்கார்ந்துவிடுவான். பெட்டிக்குள் சிக்காமல் போகவேண்டுமே என்று ஒவ்வொரு ரோலிலும் வெளிச்சம் பட்டுக் கறுத்திருந்த முனையையும் நறுக்கித் தள்ளிவிட்டு, மிச்சத்தை உறைகளில் அழகாகச் சொருகி வைத்தான். அண்ணனுக்குச் செய்கிற மரியாதை என்று நினைத்துத்தான் செய்தான்.

"தம்பி, உங்களைத்தான் கேக்கறேன்."

"வெட்டிட்டேன் அண்ணி."

"எதை?"

"முனையை எல்லாம். வீணாப்போனதுன்னு நெனச்சு குப்பையில போட்டுட்டேன். இது பையில கெடந்ததால தப்பிச்சுது."

கடைக்காரம்மா துடைக்கிற துணியோடு உள்ளே போய்விட்டாள். அண்ணி திட்டுவாள் என்று காத்திருந்தான். திட்டினால் தேவலை என்றிருந்தது. அவளோ மூடியைத் தூக்கி, ஃபிலிமைத் தொடப் பயந்தவளாக விரலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டு, மறுபடி மூடினாள்.

"இன்னொரு தடவை ஓட்டுங்க" என்றாள்.

அவன் பொத்தானை அமுக்கினான். அழுத்திப் பிடிக்க வேண்டிய மூடி இல்லை அது. ஆனாலும் அவள் இரண்டு கைகளையும் அதன்மேல் வைத்துக்கொண்டாள். மூடியின் விளிம்பில் கோடாகக் கசிந்த வெளிச்சம், அவள் விரல் நுனிகளை ஒவ்வொன்றாகச் சிவக்கவைத்துக்கொண்டு, அவர் இருந்த பக்கமாக மெல்ல நகர்ந்தது.