காலி செய்து கொடுத்த வீடு

பூட்டைத் திறக்க இரண்டு கை வேண்டும் என்பது நாற்பத்து மூன்று வயதில்தான் எனக்குத் தெரிந்தது. ஒரு கை பூட்டைப் பிடிக்க வேண்டும், இன்னொரு கை சாவியைத் திருக வேண்டும். என் வலது கையோ மாவுக்கட்டோடு கழுத்தில் தொங்கியது. சூரத் ரயில் நிலையப் படிக்கட்டில் விழுந்து ஆறு நாள் ஆகியிருந்தது.

பையை வாசலில் இறக்கி வைத்த ஆட்டோக்காரர், "நான் வேணா தொறந்து குடுக்கட்டுமாம்மா?" என்றார்.

"வேணாங்க, உள்ள ஆள் இருக்காங்க."

கதவில் பூட்டு தொங்குவது அவருக்கும் தெரிந்தது. நல்ல மனிதர், வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்.

இந்த வேங்கிக்கால் வீடு என் யோசனை. நான் துணி ஆலைகளில் புதுத் தையல் இயந்திரம் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவள். மாதத்தில் இருபத்தைந்து நாள் வெளியூர். திருமலை என்கிற டிரைவர், காற்றாலை இறக்கைகளை டிரெய்லரில் ஏற்றிக்கொண்டு குஜராத்துக்கும் இங்கேயும் அலைகிறவர். உமேஷ் குருக்கள், எந்த ஊரில் கும்பாபிஷேகம் என்றாலும் கிளம்பிவிடுவார். ஆர்த்தி ட்ரோன் பறக்கவிட்டு நிலம் அளக்கிற பெண். நாலு பேருக்கும் திரும்பிப் போக வீடு என்று ஒன்று கிடையாது. காரணம் ஆளுக்கொன்று, அதை யாரும் யாரிடமும் கேட்டதில்லை. லாட்ஜ் தலையணையின் வாசனை அலுத்துப்போய், மூன்று வருஷத்துக்கு முன் சேர்ந்து இதை வாடகைக்கு எடுத்தோம். ஆளுக்கொரு சாவி, ஆளுக்கொரு அலமாரி, ஆதாரில் எல்லோருக்கும் ஒரே விலாசம்.

விதி ஒன்றே ஒன்று, அதையும் நான்தான் போட்டேன். வருகிறவர் முன்கூட்டியே வாட்ஸ்அப் குழுவில் சொல்ல வேண்டும். இருக்கிறவர் வீட்டைப் பெருக்கி, சாப்பிட எதையாவது வைத்துவிட்டு, காலி செய்து கொடுத்துவிட வேண்டும். வருஷம் முழுக்க ஊர் ஜனத்தோடு இடிபடுகிறவர்களுக்கு யார் முகத்தையும் பார்க்காமல் நாலு நாள் கிடக்க ஓர் இடம் வேண்டும் என்று பெரிய புத்திசாலி மாதிரி பேசினேன். எல்லோரும் தலையாட்டினார்கள். அன்று முதல் குழுவில் இரண்டே வார்த்தைகள்தான் ஓடின: வரேன், பூட்டிட்டேன்.

"கை ஒடைஞ்சிடுச்சு. வெள்ளிக்கிழமை வரேன். ஆறு வாரம் இருப்பேன்" என்று சூரத்திலிருந்து எழுதினேன். மூன்று பேரும் கும்பிடும் கைப்படம் போட்டார்கள். இந்தத் தடவை யாராவது இருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன். வழி நெடுக ரயிலில் அதையேதான் நினைத்தேன். உள்ளேயிருந்து ஒருத்தர் கதவைத் திறந்து, "வாங்க" என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான் ஆசை.

மாவுக்கட்டால் பூட்டைக் கதவோடு அழுத்தி, இடது கையால் சாவியைத் திருகினேன். வலியில் கண் இருட்டியது. ஏழெட்டு முறை வழுக்கிய பிறகு திறந்தது.

துடைத்த தரை இன்னும் காயவில்லை. படுக்கையில் துவைத்த விரிப்பு. ஃப்ரிட்ஜில் ரசம், பருப்பு, கத்திரிக்காய்ப் பொரியல், தோசை மாவு, எல்லாம் இறுக்கித் திருகிய டப்பாக்களில். ஒன்றின் மேல் ஆர்த்தியின் கையெழுத்தில் ஒரு சீட்டு: "அக்கா, சூடு பண்ணா போதும்."

எனக்கு அழுகை வந்தது. பாசத்தில் இல்லை, கோபத்தில். இத்தனையும் செய்யத் தெரிந்தவளுக்கு, கூட இருக்கத் தெரியாதா?

ரசம் டப்பாவை மடியில் இடுக்கிக்கொண்டு திருகினேன். அசையவில்லை. தரையில் வைத்து இரண்டு பாதத்தாலும் பிடித்துப் பார்த்தேன். டப்பா உருண்டு கட்டிலுக்கு அடியில் போனது. ஜன்னலில் மலை தெரிந்தது. கிரிவலம் என்று அதைச் சுற்ற ஊர் உலகமெல்லாம் வருகிறது. நான் நிறைந்த ஃப்ரிட்ஜின் எதிரே பட்டினியாக உட்கார்ந்திருந்தேன்.

ஆர்த்திக்குப் போன் போட்டேன். "எந்த ஊர்ல இருக்க?"

"இங்கதாங்க்கா. பஸ் ஸ்டாண்டு பக்கத்துல லாட்ஜ்ல. நாளைக்குக் காலைல ராய்ச்சூர் கெளம்பறேன்."

"இங்கயே இருந்துட்டு எதுக்கு லாட்ஜுக்குப் போன?"

"நீங்க நிம்மதியா ரெஸ்ட் எடுக்கணும்னுதான்க்கா. ரூல் இருக்குல்ல? திருமலை அண்ணன்கூட நேத்து வந்து மாவு ஆட்டி வெச்சுட்டு, டிரெய்லர்லயே படுத்துக்கினாரு. எல்லாம் ஓகேவாக்கா?"

"ஓகேதான்" என்று வைத்துவிட்டேன். எல்லா ஊரிலிருந்தும் எல்லோருக்கும் சொல்லிச் சொல்லி அந்தப் பதில் வாயில் தானாக வந்துவிடுகிறது.

கட்டிலுக்கு அடியில் கிடந்த டப்பாவைக் காலால் இழுத்து இன்னொரு முறை திருகிப் பார்த்தேன். பிறகு மறுபடியும் கூப்பிட்டேன்.

"ஆர்த்தி, மூடி தொறக்க முடியல."

"எந்த மூடிக்கா?"

"எந்த மூடியுமே. தல வாரிக்க முடியல. பூட்டத் தொறக்கவே கால் மணி நேரம் ஆச்சு. இங்க யாருமே இல்லடி. எனக்குப் பயமா இருக்கு."

அவள் மெதுவாக, "நீங்கதானேக்கா சொன்னீங்க, யாரும் இருக்கக் கூடாதுன்னு" என்றாள்.

"ஆமா, நான்தான் சொன்னேன். தப்பா சொல்லிட்டேன்."

"பத்து நிமிஷம்க்கா. வரேன்."

சாத்திய கதவைத் தள்ளிக்கொண்டு அவளே உள்ளே வந்துவிடுவாள். அவளுக்காவது உள்ளேயிருந்து ஒருத்தர் திறந்துவிட வேண்டும் என்று எழுந்துபோய் உள்பக்கம் தாழ்ப்பாள் போட்டேன். நாளைக்குக் காலையில் அவள் ராய்ச்சூர் போய்விடுவாள், மீதி ஆறு வாரத்தையும் நான்தான் தள்ள வேண்டும், எல்லாம் தெரியும். கதவருகே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

ஆட்டோ வந்து நின்றது. பழக்க தோஷம், வெளியே சாவிக்கொத்து குலுங்கியது. பூட்டு இல்லாததைப் பார்த்திருப்பாள், சத்தம் நின்றது. கதவைத் தள்ளிப் பார்த்தாள். பிறகு, மூன்று வருஷத்தில் முதல் தடவையாக, அந்த வீட்டுக் கதவை ஒருத்தர் தட்டினார்.

இடது கையால் தாழ்ப்பாளை நீக்கி, "வா" என்றேன்.