நொடிக்கு எழுபது நடுக்கம்

மோட்டார் சைக்கிள் தொழிற்சாலையின் சோதனை ஓட்டுநர் வீடு பதினோரு ஆண்டுகளில் நான்கு அடி ஒன்பது அங்குலம் வடக்கே நகர்ந்திருந்தது. முதலில் அதைக் கவனித்தவர் பக்கத்து வீட்டுத் தையல்காரர். இரண்டு வீட்டுக்கும் நடுவே சைக்கிளை உருட்டிக்கொண்டு போகும் அளவுக்கு ஒரு சந்து இருந்தது. ஓராண்டு அதில் அவர் தோள் உரசியது, சில ஆண்டுகள் கழித்துப் பக்கவாட்டாகத் திரும்பி நடந்தார், பிறகு அந்த வழியை விட்டுவிட்டுத் தெருவைச் சுற்றிக்கொண்டு போகத் தொடங்கினார். ஓட்டுநர் மனைவியின் அண்ணன் நில அளவைத் துறையில் வேலை பார்த்தார். நாடாவைப் பிடித்து அளந்து, நோட்டில் குறித்துக்கொண்டு, "மாப்பிள்ளை, வீடு போகுது" என்றார். பிறகு சாப்பிட உட்கார்ந்தார்.

காரணம் யாருக்கும் மர்மமாக இல்லை. அந்தத் தொழிற்சாலையின் வண்டிக்கு ஒரே சிலிண்டர். அதற்குள் பெரிய பிஸ்டன் ஒன்று மேலே போய்ச் சட்டென்று திரும்பும், கீழே வந்து சட்டென்று திரும்பும், ஒவ்வொரு திரும்பலிலும் வண்டியையே பிடித்து உலுக்கும். ஓட்டுநர் நாள்தோறும் இருநூறு கிலோமீட்டர் புது வண்டிகளை ஓட்டிப் பார்த்தார். அந்த உலுக்கல் ஹேண்டில்பார் வழியாக அவர் கைகளில் ஏறியது, இறங்க மறந்துவிட்டது. வண்டியை நிறுத்தி, சாவியை மாட்டி, வீட்டுக்கு வந்த பிறகும் அவர் உள்ளங்கைகள் ஓடிக்கொண்டே இருந்தன. தேநீர்க் கோப்பையை எடுத்தால் பாதிதான் வாய்க்கு வந்து சேரும். சட்டைப் பொத்தான்களை மனைவிதான் போட்டுவிட்டாள். அவர் செய்தித்தாளைப் பிடித்தால் இரண்டாம் பக்கத்துச் செய்தி கொஞ்ச நேரத்தில் மூன்றாம் பக்கத்துக்கு உதிர்ந்துவிடும். தினமும் வேலை முடிந்து வந்ததும் வடக்குச் சுவரில் இரண்டு கைகளையும் ஊன்றிக் கால் மணி நேரம் நிற்பார். நடுக்கம் சுவருக்குள் போகும், கைகள் சற்றே ஓயும். சுவர் வாங்கிக்கொண்டதை வீடு நடந்து தீர்த்துக்கொண்டது.

மனைவியும் அதே தொழிற்சாலையில்தான் வேலை பார்த்தாள். பிஸ்டனின் ஏற்ற இறக்கத்தைச் சுழற்சியாக மாற்றும் கிராங்கை எந்திரத்தில் ஏற்றிச் சுற்றவிட்டு, எந்தப் பக்கம் கனம் கூடுதல் என்று முள்ளைப் பார்த்து, அந்தப் பக்கம் துளை போட்டு எடையைக் குறைப்பது அவள் பணி. பதினான்கு ஆண்டுகள் அதைச் செய்தவளுக்கு ஒன்று நன்றாகத் தெரியும். கிராங்கில் எதிர் எடை வைத்தால் மேலும் கீழுமான உலுக்கல் பாதி குறையும், ஆனால் குறைந்த அந்தப் பாதி முன்னும் பின்னுமாக முளைத்துவிடும். எதிர் எடையால் நடுக்கத்தை ஒழிக்க முடியாது, திசைதான் மாற்ற முடியும்.

பதினோராம் ஆண்டில் தொழிற்சாலை மருத்துவர் ஓட்டுநரின் கைகளைப் பார்த்துவிட்டு, இது பரம்பரை நடுக்கம், வண்டிக்கும் இதற்கும் தொடர்பில்லை என்று எழுதினார். கீழே கையெழுத்துப் போடச் சொல்லித் தாளை நீட்டினார்கள். ஓட்டுநர் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு மனைவியின் பிரிவுக்குப் போனார். உணவு இடைவேளை. அவள் கிராங்கைக் கழற்றிவிட்டு, கணவரின் கைகளை அது உட்கார்ந்திருந்த தாங்கிகள் மேல் வைக்கச் சொன்னாள். முள் எழுந்து ஓர் இடத்தில் நின்றது. நொடிக்கு எழுபது. நிமிடத்துக்கு நாலாயிரத்து இருநூறு. சோதனைப் பாதையில் ஓட்டச் சொல்லி விதித்திருந்த வேகத்தில் அந்த என்ஜின் சுற்றும் சுற்று அதுதான், ஒன்று கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

"உங்க அப்பா வண்டி ஓட்டுவாரா?" என்று கேட்டாள்.

"அவருக்குச் சைக்கிளே வராது."

"அப்ப இது பரம்பரை இல்ல. இது நம்ம கம்பெனி தயாரிப்பு. கையெழுத்துப் போடாதீங்க."

ஓட்டுநர் போடவில்லை. மறுவாரமே அவரை வேலையிலிருந்து நிறுத்தி வைத்தார்கள்.

மனைவி அதோடு விடவில்லை. ஆய்வு அறிக்கைகளின் பின்பக்கத்தில் வரைந்து, கடைசல் பிரிவுக்காரர்களைக் கெஞ்சியும் மிரட்டியும், ஒதுக்கிப்போட்ட உதிரிகளை வைத்தே ஒரு சிறிய தண்டு செய்து என்ஜினுக்குள் பொருத்தினாள். கிராங்க் ஒரு பக்கம் சுற்றினால் அதே வேகத்தில் அது எதிர்ப்பக்கம் சுற்றும். பிஸ்டன் மேலே இழுக்கும்போது இரண்டின் எடையும் சேர்ந்து கீழே இழுக்கும், பக்கவாட்டில் ஒன்றின் இழுப்பை மற்றது தின்றுவிடும். அதற்குச் சமன் தண்டு என்று பெயர் வைத்தாள். தலைமை வடிவமைப்பாளர் வந்து பார்த்தார். அவர் காதில் எப்போதும் ஒரு பென்சில் இருக்கும், ஆகவே தொழிற்சாலை முழுவதும் அவருக்குப் பென்சில் என்றே பெயர். மனைவி என்ஜினை நாலாயிரத்து இருநூறில் ஓடவிட்டு, அவர் காதிலிருந்த பென்சிலை உருவி, சிலிண்டரின் தலையில் நிமிர்த்தி வைத்தாள். பென்சில் நின்றது. அவர் அதைச் சிறிது நேரம் பார்த்துவிட்டு எடுத்துக் காதில் செருகிக்கொண்டார்.

"பென்சில் நிக்கறது வேற, வண்டி விக்கறது வேறம்மா. ஒண்ணரைக் கிலோ எடை கூடுது. அதை விடு, நம்ம வண்டிய வாங்கறவங்க அந்தத் துடிப்புக்காகத்தான் வாங்கறாங்க. அதை எடுத்துட்டா தையல் மெஷின் மாதிரி ஆயிடும்."

"தையல்காரர் எங்க பக்கத்து வீடுதான் சார். அவர் கை நடுங்கி நான் பார்த்ததே இல்ல."

அன்று மாலை அவள் வீட்டுக்கு வந்தபோது, வேலையில்லாத கணவர் வழக்கம்போல் வடக்குச் சுவரில் கை ஊன்றி நின்றிருந்தார். அவள் கைப்பையைக் கூட வைக்கவில்லை.

"அந்தச் சுவர் வேண்டாங்க. வாசல் சுவருக்கு வாங்க."

"எதுக்கு?"

"தினம் கால் மணி நேரம் ஊனினதுக்கே வருஷத்துக்கு அஞ்சு அங்குலம் போகுது. இப்ப நீங்க நாள் முழுக்கச் சும்மாதானே இருக்கீங்க. பன்னிரண்டு மணி நேரம் ஊனினா வருஷத்துக்கு இருபது அடி. எதிர்ல கம்பெனி கேட் முப்பது அடி."

ஓட்டுநர் ஜன்னல் வழியாகத் தெருவுக்கு அந்தப் பக்கம் இருந்த இரும்புக் கதவைப் பார்த்தார். பதினோரு ஆண்டுகளில் அவர் முகத்தில் அப்படியொரு சிரிப்பை மனைவி பார்த்ததில்லை. வாசல் சுவருக்குப் போனார், கைகளை ஊன்றினார்.

வீடு நிதானமாகக் கிளம்பியது. ஐந்தாம் மாதம் நடைபாதையைத் தாண்டியது. தையல்காரருக்குப் பல ஆண்டுகளாக இல்லாத வெளிச்சம் கிடைத்தது, அவர் ஜன்னலுக்குப் புதுத் திரை தைத்துக்கொண்டார். பேருந்துகள் வீட்டை ஒட்டி வளைந்து போகப் பழகின. நகராட்சியிலிருந்து வீட்டைச் சாலையில் நிறுத்தியது ஏன் என்று விளக்கம் கேட்டு ஒரு தாள் வந்தது. மனைவியின் அண்ணன் வீட்டுப் பத்திரத்தை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை விரல் வைத்துப் படித்தார்.

"வீடுன்னுதான் எழுதியிருக்கு மாப்பிள்ளை. நிக்கணும்னு எங்கயும் எழுதல" என்றார். அதையே நல்ல தமிழில் எழுதிப் பதிலாக அனுப்பினார்கள். தொழிற்சாலை ஒரு கிரேனை வரவழைத்தது. கொக்கியைக் கூரையில் மாட்டியதும் நடுக்கம் சங்கிலியைப் பிடித்து ஏறியது. கிரேனின் நட்டுகள் ஒவ்வொன்றாகக் கழன்று சாலையில் உருண்டன. கிரேன் ஓட்டுபவர் இறங்கி, அவற்றைப் பொறுக்கிப் பையில் போட்டுக்கொண்டு, யாரையும் பார்க்காமல் நடையைக் கட்டினார்.

மனைவி ஒருநாளும் விடுப்பு எடுக்கவில்லை. வேலைக்குப் போக முதலில் அவளுக்கு இருபது காலடிகள் பிடித்தன, பிறகு பன்னிரண்டு, பிறகு நான்கு. பதினெட்டாம் மாதம் வீடு தொழிற்சாலை வாயிலுக்குள் நுழைந்து, இரண்டு தூண்களுக்கும் நடுவே அளவெடுத்துச் செய்ததுபோல் பொருந்தி நின்றது. பெட்டிகளில் அடைத்த வண்டிகளை ஏற்றிய லாரிகள் உள்ளேயே நின்றுவிட்டன. எண்ணூறு தொழிலாளர்கள் சமையலறைக் கதவால் நுழைந்து, கூடத்தைக் கடந்து, வாசல் கதவால் வேலைக்குப் போனார்கள். காவலாளி தன் நாற்காலியையும் பதிவேட்டையும் அடுப்புக்குப் பக்கத்தில் மாற்றிக்கொண்டார். போகிற போக்கில் சிலர் ஓட்டுநரின் தோளைத் தட்டிவிட்டுப் போனார்கள்.

நான்காம் நாள் பென்சில் வந்தார். கூடத்தில் உட்கார்ந்தார். அவருக்குக் கொடுத்த தேநீர்க் கோப்பை மேசையில் தானாக நகர்ந்து விளிம்பை நெருங்கியது, மனைவி அதைப் பிடித்து மறுபடி அவர் முன்னால் வைத்தாள்.

"என்னதான் வேணும் உங்களுக்கு?"

"கையைக் கொடுங்க சார்" என்றார் ஓட்டுநர்.

பென்சிலின் வலது கையை எடுத்துச் சுவரில் வைத்து, அதன் மேல் தன் கையை வைத்து அழுத்திக்கொண்டார். கால் மணி நேரம் கழித்துத்தான் விட்டார். பென்சில் எழுந்தபோது முகம் வெளுத்திருந்தது. மூன்று நாட்களுக்கு அவரால் ஒரு நேர்கோடு போட முடியவில்லை. ரூல்தடியை வைத்து இழுத்தாலும் கோடு அலை அலையாக வந்தது. சட்டைப் பொத்தான்களைப் போட்டுவிடும்படி வாயால் கேட்க வெட்கப்பட்டு அவர் வீட்டில் எழுதிக் கொடுத்தார் என்றும், அவர் வீட்டம்மாவுக்கு அந்த எழுத்து புரியவில்லை என்றும் பிறகு பேசிக்கொண்டார்கள். அதற்கு அடுத்த நாள் பென்சில் சமன் தண்டின் வரைபடத்தைக் கேட்டு ஆள் அனுப்பினார்.

மனைவி தானே எடுத்துப் போனாள். வரைபடத்தின் மூலையில் வடிவமைத்தவர் பெயர் எழுதும் கட்டத்தில் முன்பே தன் பெயரை மையால் எழுதியிருந்தாள். மருத்துவர் வேறொரு தாள் எழுதினார். அதில் வண்டியால் வந்த நடுக்கம் என்று இருந்தது. அதில் ஓட்டுநர் கையெழுத்துப் போட்டார்.

"இனிமேலாவது வீட்டைத் திருப்பிக் கொண்டு போங்க" என்றார் பென்சில்.

"பின்னாடி போற எண்ணம் எங்களுக்கு இல்ல சார்" என்றாள் மனைவி. "உள்ள வேணா வர்றோம்."

வீடு வாயிலைக் கடந்து உள்ளே போய் லாரிக்கு வழிவிட ஏழு மாதம் ஆனது. அதுவரை தொழிற்சாலையின் பின்சுவரை இடித்து ஒரு தற்காலிகப் பாதை போட்டுச் சமாளித்தார்கள். வீடு சோதனைப் பாதையின் ஓரமாகப் போய் நின்றது. சமன் தண்டு வைத்த முதல் வண்டியை, மறுபடி வேலையில் சேர்ந்த ஓட்டுநர்தான் ஓட்டினார். இருநூறு கிலோமீட்டர் முடித்து வந்து இறங்கியபோது எல்லோரும் அவர் கைகளைத்தான் பார்த்தார்கள். கைகள் முன்போலவே நடுங்கின.

"பழசு போகாது" என்றார் ஓட்டுநர். "ஆனா புதுசா ஒரு பொட்டு ஏறல."

அதற்குப் பிறகு வந்த சோதனை ஓட்டுநர்கள் எவருடைய கோப்பையிலும் தேநீர் தளும்பவில்லை. துடிப்பு போய்விட்டது என்று கடிதம் எழுதிய வாடிக்கையாளர்கள் நாற்பது பேர், அவர்களில் முப்பத்தெட்டுப் பேர் அடுத்த வண்டியையும் அங்கேயே வாங்கினார்கள்.

பென்சில் ஓய்வு பெற்றார். ஆறு ஆண்டுகள் வீடு அசையவில்லை. ஓட்டுநர் கைகளை ஒருநாள் இந்தச் சுவரிலும் ஒருநாள் எதிர்ச்சுவரிலும் முறைவைத்து ஊன்றி வந்தார். ஏழாம் ஆண்டு புதிதாக வந்த தலைமை வடிவமைப்பாளர், எடையைக் குறைப்பதற்காகச் சமன் தண்டை எடுத்துவிடலாம் என்று கூட்டத்தில் சொன்னார். அந்த மாதம் வீடு வடிவமைப்புப் பிரிவுக் கட்டடத்தை நோக்கிப் பதினோரு அங்குலம் நகர்ந்தது. புதியவர் ஜன்னலருகே நின்று நெடுநேரம் பார்த்தார், யாரும் அவருக்கு எதுவும் விளக்கவில்லை. அடுத்த கூட்டத்தின் குறிப்பில் இரண்டு முடிவுகள் பதிவாகியுள்ளன. சமன் தண்டு தொடரும். வீட்டுக்குப் போகும் தண்ணீர்க் குழாயைப் பதினோரு அங்குலம் நீட்டித் தர வேண்டும்.